எனக்குப் பின்னால் வந்து குடித்தவர்

பைபிளில் லேவியராகமம் பதிமூன்றாம் அதிகாரத்தை நம் சபைகளில் யாரும் கடைசிவரை வாசிப்பதில்லை. குஷ்டரோகம், ஆசாரியன், ஏழு நாள் அடைத்துவைத்தல், பாளயத்துக்குப் புறம்பே குடியிருத்தல். இந்த நான்கையும் எடுத்துக்கொண்டு, குஷ்டரோகம் என்றால் பாவம் என்று சொல்லிப் பிரசங்கத்தை முடித்துவிடுவார்கள். சிறு வயதிலிருந்து அந்தப் பிரசங்கத்தைப் பல ஆலயங்களில் கேட்டிருக்கிறேன். 38, 39ஆம் வசனங்களை வாசித்த ஒரு பிரசங்கியாரையும் கண்டதில்லை. ஆணுக்கோ பெண்ணுக்கோ உடம்பில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் வந்தால் ஆசாரியன் பார்க்க வேண்டும். அவை மங்கின வெள்ளைப் புள்ளிகளாக இருந்தால் அது வெறும் தேமல், அந்த ஆள் சுத்தமுள்ளவன் என்கின்றன அந்த வசனங்கள். அடைத்துவைக்கச் சொல்லவில்லை. பலி கேட்கவில்லை. 'தீட்டு, தீட்டு' என்று சத்தமிடவும் சொல்லவில்லை. சுத்தமுள்ளவன் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது வேதம்.

இந்த இரண்டு வசனங்களை எனக்குப் பதினேழு வயதில் யாராவது வாசித்துக் காட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

எனக்கு வெண்புள்ளி இருக்கிறது. இரண்டு கைகளிலும் விரல் நுனிகள், உதடு, முழங்கை. பிளஸ் டூ படிக்கும்போது வலது கட்டை விரலில் ஆரம்பித்தது. இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டேன். வீடு பசுமலைப் பக்கம். வேலை கீழமாரட் வீதியில், ஒரு வெங்காயக் கமிஷன் மண்டியில் பில் எழுதுவது. பல்லாரி எத்தனை மூட்டை, சின்ன வெங்காயம் எத்தனை மூட்டை, லோடுமேன் கூலி எவ்வளவு, லாரி வாடகை எவ்வளவு என்று நாள் முழுக்க எழுதுவேன், பணம் வாங்குவேன், சில்லறை கொடுப்பேன். என் முகத்தைவிட என் கைகளைத்தான் ஊர் அதிகம் பார்த்திருக்கிறது.

இது என்ன நோய் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். தோலுக்கு நிறம் கொடுக்கும் அணுக்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்கி அழித்துவிடுகிறது. அந்த இடம் பால் போல வெளுத்துவிடும். தொத்தாது. தொட்டாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே துண்டில் துடைத்தாலும் தொத்தாது. உலகத்தில் நூற்றுக்கு ஒருவர் அளவில் இருக்கிறார்கள், அதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருபது வயதுக்குள்ளேயே ஆரம்பித்துவிடுகிறது. பரம்பரையாக வரும் சாய்வு கொஞ்சம் உண்டு, ஆனாலும் பெரும்பாலானவர்கள் வீட்டில் வேறு யாருக்கும் இருப்பதில்லை. வாட்ச் பட்டை, செருப்பு வார், இறுக்கிக் கட்டும் பாவாடை நாடா என்று உரசும் இடங்களில் புதிதாகக் கிளம்பும். முகத்தில் வந்தால் மருந்துக்கு நன்றாகக் கேட்கும். விரல் நுனியும் உதடும் லேசில் கேட்காது. எனக்குக் கன்னத்தில் இருந்தது களிம்பில் போய்விட்டது, அதற்காக இன்றும் நன்றி சொல்கிறேன். விரலும் உதடும் அப்படியே இருக்கின்றன.

குஷ்டரோகம் வேறு. அதில் தேமல் விழுந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி இருக்காது. அதுவும் இன்று ஆறு மாதமோ ஒரு வருஷமோ மாத்திரை சாப்பிட்டால் குணமாகிற நோய்தான், மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது. அந்த நோய் வந்தவர்களிடமிருந்து என்னைப் பிரித்துக் காட்டி என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள இதை எழுதவில்லை. வெட்கத்தை இன்னொருவர் தலையில் இறக்கிவைத்து நாம் லேசாகிவிட முடியாது.

முதல் புள்ளியைப் பார்த்தது அம்மாதான். குழம்புக்குப் புளி கரைக்கச் சொல்லிக் கையைப் பார்த்தவர், அப்படியே என் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரம் சித்தப்பா நாட்டு மருந்துக் கடையிலிருந்து கார்போக அரிசி வாங்கி வந்தார். அரைத்துப் பூசி மொட்டை மாடியில் வெயிலில் நிற்க வேண்டும். அந்த விதையில் இருக்கிற சத்து தோலில் வெயிலைச் சுருக்கென்று ஏற்றிவிடும். இங்கிலீஷ் மருத்துவத்திலும் அதே சத்தை மாத்திரையாகவும் தைலமாகவும் கொடுத்து, அளவாக வெளிச்சம் காட்டுவார்கள். அளவு தெரியாமல் மதுரை வெயிலில் நின்றதில் எனக்குக் கொப்புளம்தான் வந்தது.

அப்புறம் ஊர் பேச ஆரம்பித்தது. அம்மா என்னைச் சுமந்திருந்தபோது மீனையும் தயிரையும் ஒரே வேளையில் சாப்பிட்டுவிட்டார் என்று அப்பா வழி உறவில் ஒரு முடிவே கட்டிவிட்டார்கள். எந்த மீன், எந்த நாள் என்று யாரும் கேட்கவில்லை. அதன்பின் எங்கள் வீட்டில் மீன் குழம்பு வைத்த நாளில் மோர்கூட இருக்காது. அம்மா தன் மேல் விழுந்த பழியை ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை. ஒருவேளை உண்மையாக இருக்குமோ என்று உள்ளுக்குள் நம்பியிருக்கிறார் என்பது எனக்கு ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. என் தோலில் வந்தது எனக்கு ஒரு பங்கு வெட்கம் என்றால் அவருக்கு இரண்டு பங்கு.

சபையில் பேசியது இன்னும் ஆழமாகப் போயிற்று, ஏனென்றால் அவர்கள் வசனத்தோடு வந்தார்கள். மோசேக்கு விரோதமாகப் பேசின மிரியாமின் தோல் வெளுத்தது. பேராசைப்பட்ட கேயாசியின், எலிசா தீர்க்கதரிசியின் வேலைக்காரன், அவன் தோலும் வெளுத்தது. ஆகவே யோசித்துப் பார் மகளே, நீ என்ன செய்தாய், உன் தகப்பன் என்ன செய்தான். வீடு தேடி வந்து, காபி குடித்துக்கொண்டே, அன்பாகத்தான் கேட்டார்கள். பிறவிக் குருடனைப் பார்த்து இதே கேள்வியைச் சீஷர்கள் கேட்டபோது, அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று இயேசு சொன்ன பதில் யோவான் ஒன்பதாம் அதிகாரத்திலேயே இருக்கிறது. அதை அன்றைக்கு எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எடுத்துச் சொல்ல வேண்டிய பெரியவர்களுக்கும் வரவில்லை.

கூட்டங்களுக்குக் கூட்டிப் போனார்கள். திருமங்கலம், திண்டுக்கல், மேலூர், எங்கே சுகமளிக்கும் ஆராதனை என்று போஸ்டர் ஒட்டினாலும் அம்மாவும் நானும் பஸ் ஏறினோம். எண்ணெய் பூசி, தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். தேவன் சுகம் கொடுப்பவர் என்பதை நான் அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன், என் கன்னமே சாட்சி. ஆனால் அந்த மேடைகளில் எனக்கு நடந்தது வேறு. ஆயிரம் பேர் முன்னால் கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் என் விரல்கள் இன்னும் வெளுப்பாகத் தெரிந்தன. ஜெபித்து முடித்ததும் "இப்ப பாரு, நிறம் மாறுதா?" என்று மைக்கில் கேட்டார் ஒருவர். மாறவில்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. தலையை மட்டும் குனிந்துகொண்டேன். அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு கூட்டம் கைதட்டியது. திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா என் கையைத் தன் முந்தானையால் மூடிவிட்டார்.

விசுவாசம் பத்தவில்லை என்றார்கள் அடுத்து. இதுதான் எல்லாவற்றையும்விட மோசம். தோலில் குறை என்று ஊர் சொன்னது, உள்ளத்திலும் குறை என்று சபை சேர்த்துச் சொல்லிவிட்டது.

தங்கை கல்யாணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சபையில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. கல்யாணத்துக்கு முந்தின இரவு அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீ நாளைக்குக் கொஞ்சம் பின்னாடியே இரும்மா, மாப்பிள்ளை வீட்டு ஆளுக என்னத்தையாவது நினைப்பாக" என்றார். சரி என்றேன். மறுநாள் மண்டபத்தில் பந்தி நடக்கிற இடத்தில் அப்பளம் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். குடும்பப் படத்தில் நான் இல்லை. தங்கை பல தடவை ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள், நான்தான் போகவில்லை. அவள் இன்றும் அந்த ஆல்பத்தை யாருக்கும் எடுத்துக் காட்டுவதில்லை.

எங்கள் தென்னிந்தியத் திருச்சபை ஆராதனையில் ஒவ்வொரு ஞாயிறும் பாவ அறிக்கை உண்டு. முழங்கால்படியிட்டுச் சொல்வோம், போதகர் பாவமன்னிப்பின் வார்த்தைகளைச் சொல்வார், எழுந்து நிற்போம். செய்த தப்புக்கு அங்கே வழி இருக்கிறது. எரிந்து விழுந்ததை, பொய் சொன்னதை, பொறாமைப்பட்டதை அங்கே இறக்கி வைத்துவிட்டு வரலாம். ஆனால் தோலுக்கு என்ன அறிக்கை செய்வது? நான் செய்யாத ஒன்றுக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது? வருஷக்கணக்கில் அந்த ஜெபத்தின்போது எனக்குத் தொண்டை அடைத்தது இதனால்தான். மன்னிப்பு எனக்குக் கிடைத்திருந்தது, அதில் சந்தேகமே இல்லை. மன்னிக்கப்பட்ட பிறகும் ஆட்கள் முன்னால் போக முடியவில்லையே.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. பலிபீடத்துக்கு முன்னால் இருக்கும் தடுப்பை அளி என்போம், அதற்கு முன்னால் வரிசையாக முழங்கால்படியிடுவோம். போதகர் உள்ளங்கையில் அப்பத்தை வைப்பார், அப்புறம் பாத்திரத்தைக் கொண்டு வருவார். ஒரே பாத்திரம். ஒருவர் குடித்ததும் விளிம்பைத் துணியால் துடைத்து அடுத்தவருக்குக் கொடுப்பார். கொரோனாவுக்குப் பிறகு பல சபைகளில் அப்பத்தைத் திராட்சரசத்தில் தொட்டுக் கொடுக்கிறார்கள், அல்லது சின்னச் சின்னக் கோப்பைகள் வந்துவிட்டன. நான் சொல்வது அதற்கு முந்திய காலம்.

ஒரு ஞாயிறு எனக்கு அடுத்து முழங்கால்படியிட்டிருந்த பெண், பாத்திரம் என் உதட்டுக்கு வந்த நேரத்தில் எழுந்து போய் வரிசையின் அந்தக் கடைசியில் உட்கார்ந்தார். அவர் கெட்டவர் இல்லை. பயம். அதற்கப்புறம் நான் எப்போதும் கடைசி ஆளாகவே போவேன். பாடகர் குழுவும் போய் வந்த பிறகு, இனி யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு எழுந்திருப்பேன். எனக்குப் பிறகு குடிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் வரக்கூடாது. யாரும் என்னை அப்படிப் போகச் சொல்லவில்லை. வெட்கம் அப்படித்தான், நமக்குரிய இடத்தை நாமே ஒதுக்கிக்கொள்ளும்படி பழக்கிவிடும்.

ஒன்றாகக் குடிப்பதும் ஒன்றாகச் சாப்பிடுவதும் இந்த மதுரை மண்ணின் கிறிஸ்தவத்தில் ஆரம்பத்திலிருந்தே பெரிய கேள்வி. 1606இல் இங்கே வந்த ராபர்ட் டி நொபிலி, ஏற்கெனவே ஊரில் இருந்த பாதிரியாரோடு சேர்ந்து இருக்காமல் தனியாகக் குடியிருந்து, மரக்கறி மட்டும் உண்டு, மேல்சாதியாரின் வழக்கப்படி வாழ்ந்தார். 1834இல் தொடங்கிய அமெரிக்கன் மதுரை மிஷன் நேர் எதிராகப் போனது. சாதியை விடாதவர்களுக்குச் சபையில் இடமில்லை என்று 1840களிலேயே உறுதியாக நின்றது, அதில் பலர் சபைக்கு வெளியே போனார்கள். யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவேன், யார் வாய் வைத்த பாத்திரத்தில் நான் வாய் வைப்பேன் என்பதில்தான் அன்றைக்கு விசுவாசம் சோதிக்கப்பட்டது. எங்கள் தாத்தா காலத்துப் பெரியவர்கள் அந்தக் கதைகளைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது சாதியைப் பற்றிய கதை, என் விஷயம் வேறு என்றுதான் அப்போது நினைத்தேன்.

எங்கள் சபையில் ஒரு பெரியம்மா இருந்தார். எல்லாரும் டீச்சரம்மா என்போம், ஆனால் பள்ளிக்கூட வேலை பார்த்தவர் இல்லை. மிஷனில் பைபிள் உமனாக இருந்து, உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் நடந்தே போய் வீடு வீடாக வேதம் வாசித்துக் காட்டி ஓய்வு பெற்றவர். முழங்கால் தேய்ந்துபோய்க் கம்பு ஊன்றி நடப்பார். அதனால் முதல் வரிசையில் உட்கார்ந்து, திருவிருந்துக்கு முதல் ஆளாகப் போய்வந்துவிடுவார்.

ஒரு முதல் ஞாயிறு அவர் போகவில்லை. வரிசை வரிசையாக எல்லாரும் போய் வந்தார்கள், அவர் உட்கார்ந்தே இருந்தார். உடம்பு சரியில்லை போலும் என்று நினைத்தேன். கடைசியாக நான் எழுந்து போய் முழங்கால்படியிட்டேன். பின்னால் கம்பு தரையில் தட்டும் சத்தம் கேட்டது. டீச்சரம்மா என் வலது பக்கத்துக்கு வந்து, "தள்ளிக்கம்மா" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். பாத்திரம் இடமிருந்து வலமாக வரும். அவருக்கு அது நன்றாகத் தெரியும்.

நான் குடித்தேன். போதகர் வழக்கம்போல விளிம்பைத் துடைக்கத் துணியைக் கொண்டு வந்தார். டீச்சரம்மா அந்தத் துணியைப் புறங்கையால் ஒதுக்கிவிட்டு, பாத்திரத்தின் அடியை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, நான் வாய் வைத்த அதே இடத்தில் வாய் வைத்துக் குடித்தார். அவசரம் இல்லாமல் குடித்தார். 'ஆமென்' என்று சத்தமாகச் சொன்னார், காது மந்தமானவர்கள் சொல்வதுபோல, கோயில் முழுக்கக் கேட்கும்படி. அப்புறம் என்னைப் பார்த்து, "தூக்கிவிடு, எனக்கு எந்திரிக்க முடியாது" என்றார். என் கையைப் பிடித்துத்தான் எழுந்தார். இருக்கைக்குப் போகிற வரைக்கும் விடவில்லை. அந்தப் பிடியில் என் வெள்ளை விரல்கள் அவர் கறுத்த விரல்களுக்கு நடுவில் எல்லாருக்கும் தெரிந்தன, எனக்கும் தெரிந்தன. மறைக்க வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை.

அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அடுத்த மாதமும் அப்படியே வந்தார். அதற்கடுத்த மாதமும். பிறகு பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா ஒருவர் அவருக்கு அந்தப் பக்கம் வந்து முழங்கால்படியிட்டார். பிறகு இன்னொருவர். ஒரு கட்டத்தில் நான் கடைசி ஆளாகவே இருக்க முடியாமல் போயிற்று. டீச்சரம்மா படுக்கையில் விழுகிறவரை அந்த இடத்தை விடவில்லை.

மாற்கு முதல் அதிகாரத்தில் ஒரு குஷ்டரோகி வந்து முழங்கால்படியிடுகிறான். இயேசு மனதுருகி, கையை நீட்டி, அவனைத் தொட்டு, 'எனக்குச் சித்தமுண்டு, சுத்தமாகு' என்றார். அந்த வசனத்தின் வரிசையை டீச்சரம்மாவுக்குப் பிறகுதான் கவனித்தேன். முதலில் தொட்டார், பிறகு சுகமாக்கினார். சுகமாக்கிவிட்டு, சுத்தமான தோலைத் தொட்டிருக்கலாம், சட்டப்படியும் சரியாக இருந்திருக்கும். நோய் அவன் மேல் இருக்கும்போதே தொட்டார். அந்த மனிதனுக்குத் தோல் மாறுவதற்கு முன்பே ஏதோ ஒன்று மாறியிருக்க வேண்டும். என்னை மேடையில் நிறுத்தியவர்கள் சுகத்தை முதலில் கேட்டார்கள், அது வந்தால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்பதுபோல.

ஐந்தாம் அதிகாரத்தில் பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கினால் கஷ்டப்பட்ட பெண் வருகிறாள். வைத்தியருக்குச் செலவழித்துச் செலவழித்துக் கையில் ஒன்றுமில்லை. கூட்டத்துக்குள் பின்னால் வந்து, யாருக்கும் தெரியாமல் வஸ்திரத்தைத் தொடுகிறாள். உடனே சுகம். கதை அங்கேயே முடிந்திருக்கலாம், அவளும் அதைத்தான் விரும்பினாள். இயேசுதான் விடவில்லை. என்னைத் தொட்டது யார் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். அவர் பார்க்கப் போய்க்கொண்டிருந்த யவீருவின் மகள் சாகக் கிடக்கிறாள், நேரமில்லை, சீஷர்கள் பொறுமை இழக்கிறார்கள், அவர் நிற்கிறார். ஏன் அவளை எல்லார் முன்னாலும் கொண்டு வந்தார் என்று எனக்கு ரொம்ப நாள் கோபமே இருந்தது, மேடையில் கை தூக்கி நின்றவளுக்கு இருக்கத்தானே செய்யும். ஆனால் அவர் அவளிடம் நோயைக் காட்டச் சொல்லவில்லை. அவள் நடுங்கி வந்து உண்மையையெல்லாம் சொன்னாள், அவர் கேட்டார். கேட்டுவிட்டு 'மகளே' என்றார். ஊர் முழுக்கக் கேட்க, தீட்டு என்று ஒதுக்கப்பட்டவளை மகள் என்று கூப்பிட்டார். இரத்தம் நின்றது அவளுக்கு மட்டும் தெரிந்தது. மகள் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. பன்னிரண்டு வருஷ வெட்கத்தை எடுக்க அந்த இரண்டாவதுதான் வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் உட்கார்ந்திருக்கும்போது இன்னொன்றும் புரிந்தது. சிலுவை வலிக்காக மட்டும் செய்யப்பட்டதில்லை. வஸ்திரத்தை உரிந்து, ஊர் வழியில், போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கும்படி தொங்கவிடுவது; மானத்தை எடுப்பதே அதன் நோக்கம். எபிரெயர் 12இல் 'அவமானத்தை எண்ணாமல், சிலுவையைச் சகித்து' என்று வருகிறது. எல்லாரும் உற்றுப் பார்க்கும் உடம்பு எப்படி இருக்கும் என்று என் ஆண்டவருக்குத் தெரியும். அவரிடம் நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் சமயத்தில்தான் பெரிய ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்கு நானாகவே போனேன், யாரும் இழுத்துக்கொண்டு போகாமல். டாக்டர் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரித்து விரலில் வருடி, "தெரியுதா? இங்க தெரியுதா?" என்று ஒவ்வொரு விரலாகக் கேட்டார். எல்லா இடத்திலும் தெரிந்தது. இருட்டறையில் ஒரு விளக்கைக் காட்டினார், புள்ளிகள் நீலம் கலந்த வெள்ளையாகப் பளிச்சென்றன. விரலுக்கும் உதட்டுக்கும் பெரிதாக நம்பிக்கை வைக்க வேண்டாம், முகத்துக்குப் பார்க்கலாம் என்று நேராகவே சொன்னார். மூட்டை மூட்டையாக வாக்குறுதி கேட்டு வந்தவளுக்கு அந்த நேர்மை எவ்வளவு ஆறுதலாக இருந்தது!

மண்டியில் முழுக்கை ரவிக்கையோடுதான் எப்போதும் உட்கார்ந்திருப்பேன், சித்திரை மாதத்திலும். அதை விட்டேன். சில வியாபாரிகள் என் கையில் படாமல் பணத்தை மேஜையில் போடுவார்கள், அதுவரை நானும் மேஜையிலிருந்தே எடுத்துக்கொள்வேன். ஒருநாள் கையை நீட்டி, "கையில குடுங்கண்ணே, தொத்தாது" என்றேன். அவர் திகைத்துப் போய் நின்றார். எங்கள் முதலாளி அண்ணாச்சி கல்லாவிலிருந்து தலையைத் தூக்கி, "குடுய்யா, அது எங்க வீட்டுப் புள்ள" என்றார். அவர் கிறிஸ்தவர் இல்லை. ஆண்டவர் சொன்ன அதே சொல்லை வேறொரு வாயிலிருந்து கேட்டதாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அம்மாவிடம் பேசுவதுதான் கடினமாக இருந்தது. ஒரு இரவு குடும்ப ஜெபத்தில் 34ஆம் சங்கீதம் வந்தது. 'அவர்கள் அவரை நோக்கிப்பார்த்துப் பிரகாசமடைந்தார்கள். அவர்கள் முகங்கள் வெட்கப்பட்டுப்போகவில்லை.' வாசித்துக்கொண்டிருந்த அம்மா அங்கே நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் மீன் சாப்பிட்டேன்தான், தயிர் ஊத்திக்கிட்டேனான்னு எனக்கு ஞாபகமே இல்லடி" என்றார். அத்தனை வருஷமும் அதையேதான் நினைத்து நினைத்துப் பார்த்திருக்கிறார். மீனுக்கும் தயிருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். நம்பினாரா என்று தெரியவில்லை. லேவியராகமம் 13ஐ எடுத்து 39ஆம் வசனத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்து வாசித்தார். "இத ஏன் யாரும் சொல்லல?" என்று கோபமாகவே கேட்டார். அந்தக் கோபம் எனக்கு நன்றாக இருந்தது. மறுவாரம் அப்பா வழி அத்தை வீட்டுக்கு வந்தபோது, அம்மா மீன் குழம்பும் வைத்து, மோரும் கரைத்து, இரண்டையும் அவருக்கு முன்னால் வைத்தார்.

சபைகளை நடத்துகிறவர்களிடம் எனக்குக் கேட்க வேண்டியது இருக்கிறது. ஒரு ஆளைக் கேட்காமல் அவர் உடம்பைப் பற்றி மைக்கில் ஜெபிக்காதீர்கள். புதிதாக வந்த ஒரு பெண் உட்கார்ந்ததும் அவள் தோலை, அவள் குழந்தையில்லாமையை, அவள் தனியாக வந்ததை ஜெபக்குறிப்பாக மாற்றாதீர்கள். குஷ்டரோகத்தைப் பாவத்துக்கு அடையாளமாகப் பிரசங்கம் பண்ணும்போது, அந்தக் கூட்டத்தில் தோல் வெளுத்த ஒரு பிள்ளை கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்று நினையுங்கள். அதே அதிகாரத்தில் துணிக்கும், அடுத்த அதிகாரத்தில் வீட்டுச் சுவருக்கும் அந்தத் தோஷம் வருவதாக எழுதியிருக்கிறது. அதை இன்றைய ஒரு நோயோடு ஒட்டவைத்துப் பேச யாருக்கும் உரிமை இல்லை. சுகமானவர்களைத்தான் சாட்சி சொல்லக் கூப்பிடுகிறீர்கள். சுகமாகாமல் சந்தோஷமாக இருப்பவர்களையும் கூப்பிடுங்கள், எங்களுக்கும் சொல்ல இருக்கிறது.

போன மாதம் ஆராதனை முடிந்ததும் ஒரு அம்மா பிள்ளையோடு என்னைத் தேடி வந்தார். பதினோராம் வகுப்பு படிக்கிறாள். கண்ணோரத்தில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வெளுத்திருந்தது, புதுசுதான். "அக்கா, உங்களுக்கு எந்த ஐயா ஜெபிச்சாங்க?" என்று கேட்டார் அம்மா. நான் சந்தோஷமாக இருப்பதைப் பார்த்து எனக்கு முழுசாகக் குணமாகிவிட்டது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கையை நீட்டிக் காட்டினேன். அவருக்கு முகம் விழுந்துவிட்டது. பிள்ளை மட்டும் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், தொட்டும் பார்த்தாள்.

முகத்தில் இருப்பது, அதுவும் இப்போதுதான் ஆரம்பித்தது, மருந்துக்கு நன்றாகக் கேட்கும், தள்ளிப்போடாமல் தோல் டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். எந்த மேடையிலும் பிள்ளையை நிறுத்தாதீர்கள் என்றேன். கல்யாணத்தைப் பற்றி அவர் கேட்டார், எனக்கு அதற்குப் பதில் தெரியாது என்று உண்மையைச் சொன்னேன். பிள்ளை குறுக்கே, "அக்கா, கொயர்ல நிக்கலாமா? அம்மா வேண்டாங்கிறாங்க" என்றாள்.

"முன் வரிசையில நில்லு," என்றேன்.

"அப்ப ஜெபம் வேண்டாமா?" என்றார் அம்மா, கொஞ்சம் ஏமாற்றத்தோடு. ஜெபிப்போமே என்று மூன்று பேரும் கையைப் பிடித்துக்கொண்டோம். எதுக்காக ஜெபிக்கணும் என்று பிள்ளையையே கேட்டேன். அவள் அம்மாவைப் பார்த்துவிட்டு, யோசித்துவிட்டு, கணக்குப் பரீட்சைக்கு என்றாள். அதற்கே ஜெபித்தோம். வருகிற திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்கு அவர்களோடு நானும் போகிறேன், மண்டியில் அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன்.